எல்லாம் இரட்டை

ஓஹையோவில் பழைய நாணயக் கடை வைத்திருக்கும் வெண்டல் க்ராட்ஸுக்குத் தன் கண்மேல் ஊர்ப்பட்ட கர்வம். அச்சடிக்கும்போதே எழுத்து இரட்டையாக விழுந்துவிட்ட பழைய ஒரு சென்ட் காசுக்கு ஆயிரம் டாலர்கூடக் கிடைக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க இந்த வட்டாரத்தில் தன்னை விட்டால் ஆளே இல்லை என்று பீற்றிக்கொள்வார்.

ஐந்து மாதமாக அவருக்கு அதிர்ஷ்டம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கைக்கு வந்த காசெல்லாம் இரட்டை! நல்ல விலை கொடுத்து வாங்கி இழுப்பறையை நிரப்பினார்.

நேற்று பக்கத்து பேக்கரி ஓப்பல் ஒரு காசு கொண்டுவந்தாள். "அடேயப்பா! இதுவும் இரட்டை!" என்று நாற்காலியிலிருந்து துள்ளினார் வெண்டல்.

ஓப்பல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்ப்பா, எதிர்ல சர்ச் கடிகாரத்துல எத்தனை முள்ளு?"

"நாலு."

அன்றே கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல புரை விழுந்திருக்கு. எத்தனை நாளா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது?" என்றார் டாக்டர்.

வெண்டலுக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது.

"நாள் கணக்கு தெரியலை டாக்டர். காசு கணக்கு வேணா சொல்றேன். நூத்தி முப்பத்தேழு."