இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றேன்

ரேணுகா தயாராக இல்லை என்று நான் சொன்னது பொய்.

அவள் தயாராகத்தான் இருந்தாள். அந்தப் பயிற்சி அறையில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அறிந்தேதான் சொன்னேன். அதோடு விட்டேனா? பொய்யைச் சொல்வதற்கு முன்பே, அதற்கு ஒரு சாட்சியையும் என் பத்து விரல்களால் தயார் செய்து வைத்தேன்.

ஐந்து வருடங்களாக இதை முழுதாக எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்பது எனக்கு ஒரு வசதி... கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் பிலோமினா. கோலாலம்பூருக்கு வடக்கே, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், பர்மா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் பாலே பள்ளியில் பியானோ வாசிக்கிறேன். சனிக்கிழமை மாலை இங்கே. ஞாயிறு காலை மாதா கோவிலில். வயது அறுபதை நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய சோகக் கதை ஏதாவது இருக்கும் என்று தேடாதீர்கள். ஆகவில்லை, அவ்வளவுதான்.

பாலே வகுப்பில் பியானோக்காரியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நாங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தே அவளுக்கு எப்போது மூச்சு முட்டும் என்று சொல்லிவிடுவேன். ஊன்றிய கால் தடுமாறப் போகிறது என்று தெரிந்தால், இசையை ஒரு துளி முன்னே தள்ளி, அவள் காலை இறக்க வழிவிடுவேன். ஆடுகிறவளுக்கே சில சமயம் அது தெரியாது. என் வேலையே அதுதான்.

ரேணுகா பன்னிரண்டு வயதில் வந்தாள். வீடு கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில். அப்பா லாரி ஓட்டுநர். எங்கள் ஆசிரியை மிஸ் ஊய், அவள் படித்த பள்ளிக்கு ஒருமுறை போனபோது அவள் துள்ளிக் குதித்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, கட்டணமே இல்லாமல் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து தீவுக்கு ஃபெர்ரி, பிறகு பஸ். வகுப்பு நான்கு மணிக்கு. அவளோ மூன்று மணிக்கே வந்து நிற்பாள். "ரயில் டைம் அப்படி ஆண்ட்டி" என்பாள். நானும் நம்பினேன்.

அந்த ஒரு மணி நேரம் என்னுடையது!

பெரிதாக ஒன்றும் நடக்காது. பியானோவுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவாள். கணக்கு டீச்சரைப் பற்றி, அப்பாவின் குறட்டையைப் பற்றி, ஃபெர்ரியில் வாந்தி எடுத்த யாரோ ஒருவரைப் பற்றி. "பசிக்குது ஆண்ட்டி" என்பாள். நான் வாங்கி வைத்திருக்கும், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பை எடுத்துக் கொடுப்பேன். என்னை ஆண்ட்டி என்று கூப்பிடுகிறவர்கள் கோவிலில் நூறு பேர் இருப்பார்கள். பசிக்கிறது என்று என்னிடம் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை வந்தாலே என் மனம் மூன்று மணியைத் தேட ஆரம்பித்துவிடும். இது ஆசையா, பாசமா, தனிமையின் பைத்தியமா... என்ன பெயர் வைப்பீர்களோ வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது, கோலாலம்பூர் குழு ஒன்று புதிதாக அமைத்த பாலேவுக்கு முதன்மைப் பாத்திரத்தில் ஆட ஒரு பெண்ணைத் தேடியது. கடலுக்குப் போன தகப்பனுக்காகக் கரையில் காத்திருக்கும் மீனவர் மகள். ஏறக்குறைய நான்கு நிமிடம் தனியாக ஆட வேண்டும், அதுவும் மெதுவாக. பிள்ளைகளுக்குச் சுழல்வதும் தாவுவதும் சீக்கிரம் வந்துவிடும், தவறினாலும் வேகத்தில் மறைந்துவிடும். ஒற்றைக் கால் விரல் நுனியில் நின்றபடி மறுகாலை உயர்த்தி, அப்படியே நிறுத்துவதில் எதையும் மறைக்க முடியாது. தயாரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

மிஸ் ஊய் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நடுவில் ஓய்வே இல்லாமல் இரண்டு முறை ஆட வேண்டும். இரண்டாம் முறையில் உயர்த்திய கால் நேரத்துக்கு முன் இறங்கினால் கோலாலம்பூருக்கு அனுப்பமாட்டார். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை அவசரப்பட்டு அனுப்பி, அவள் மேடையிலேயே கணுக்கால் முறிந்து விழுந்ததை அவர் மறக்கவில்லை. அதனால் அவர் கண் முழுக்க ஊன்றிய காலிலேயே இருக்கும். இசையை என்னை நம்பி விட்டுவிடுவார்.

அந்தச் சனிக்கிழமையும் ரேணுகா மூன்று மணிக்கு வந்தாள். உதட்டில் கறிபாப் தூள் ஒட்டியிருக்க, படபடவென்று பேசினாள்.

"கெடச்சிருச்சுன்னா கோலாலம்பூர்லயே, செந்தூல்ல சித்தி வீட்டுலயே தங்கிக்கலாம் லா. அப்பா சரின்னுட்டாரு. இந்த ரயிலு, ஃபெர்ரி ஒண்ணும் வேணாம். இங்க வரவே வேணாம் ஆண்ட்டி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சொல்லில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். இனி சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கதவு திறக்காது... நான் அவளுக்குத் தாயாக வேண்டும் என்றா கேட்டேன்? அந்தக் கதவு திறந்தால் போதும் என்றுதானே இருந்தேன்!

முதல் முறை அப்பழுக்கில்லாமல் ஆடினாள். மிஸ் ஊய் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

இரண்டாம் முறை, அவள் கால் உயர்ந்து நின்ற இடத்தில், நான் இசையை நீட்டினேன்.

ஒரு மயிரிழைதான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவருக்குத் தெரியாது. ஒற்றைக் கால் விரலில் உடலைத் தாங்கி நிற்பவளுக்கு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். காலை இறக்கச் சொல்லும் சுரத்துக்காக அவள் காத்திருந்தாள். நான் அதைக் கொடுக்கவில்லை. தாங்கினாள். இன்னும் தாங்கினாள். முழங்காலுக்குப் பின்புறம் நடுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். அப்போதாவது கொடுத்திருக்கலாம்... கொடுக்கவில்லை. கால் இறங்கிவிட்டது.

விரல்கள் தாமாகச் செய்தன என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருடமாக வாசிக்கிறேன். என் விரல்கள் என்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை.

ரேணுகா திரும்பி ஒரு கணம் பியானோவைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். தவறு அங்கேதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

மிஸ் ஊய் வழக்கம்போல ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். "முதல் முறை அருமை. இரண்டாம் முறைதான் யோசிக்க வைக்கிறது. ஐந்து வருடமாகப் பார்க்கிறீர்கள், பிலோ. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி ரேணுகா அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. ஆண்ட்டிதானே, விட்டுக்கொடுக்கமாட்டார் என்ற நிம்மதி இருந்தது.

"இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்றேன். "கணுக்கால் பலப்படட்டும்."

கணுக்கால்! அந்தச் சொல் மிஸ் ஊயை என்ன செய்யும் என்று தெரிந்தே பொறுக்கி எடுத்தேன். அவர் உடனே பென்சிலை எடுத்தார். 'இந்த வருடம் இல்லை' என்று தாளில் எழுதி மடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குக் கறிபாப்போடு காத்திருந்தேன். மூன்றரை ஆனது. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள்.

"ரயில் லேட்டாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆண்ட்டி. அடுத்த ரயில்ல வந்தேன். அது எப்பவும் உள்ளதுதான்" என்றாள்.

எப்பவும் உள்ளது... ஐந்து வருடமாக அவள் ஒரு ரயில் முன்னதாக ஏறி வந்திருக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தை அவளாகவே எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பறிபோகாமல் காக்கத்தான் நான் அவள் காலை இறக்க வைத்தேன். கறிபாப்பை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போய்க் குப்பையில் போட்டேன்.

இரண்டு மாதத்தில் அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மறு வருடம் எந்தக் குழுவும் கேட்டு வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன், பாதி. மெதுவாக வாசித்துவிட்டேன் ஃபாதர், ஒரு பெண்ணுக்கு வாய்ப்புப் போய்விட்டது என்றேன். "ஏம்மா, மெதுவா வாசிச்சதெல்லாம் ஒரு பாவமா?" என்று சிரித்தபடி, பரிகாரமாக மூன்று முறை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏன் மெதுவாக வாசித்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பாதிப் பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி வந்தவள் நான்.

போன மாதம் ஒரு காலை, பாசார் சந்தைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். "பசியாறியாச்சா ஆண்ட்டி?" என்று பின்னாலிருந்து குரல். ரேணுகா. தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். பாயான் லெப்பாஸில் வேலை, தோழிகளோடு வாடகை வீடு. ஆடுகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன் ஆண்ட்டி. அன்னிக்கு நீங்கதான் உண்மைய சொன்னீங்க. மிஸ் மட்டும் சொல்லியிருந்தா சண்ட போட்டுக்கிட்டு நானே கே.எல். போயிருப்பேன். நீங்க சொன்னதாலதான் நம்புனேன்."

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே! நீ தயாராகத்தான் இருந்தாய் என்று மூன்று சொல் சொல்லியிருந்தால், ஐந்து வருடமாக அவள் தன் காலைப் பற்றி நம்பியதாவது மாறியிருக்கும். வாயையும் திறந்தேன். சொன்னால் இவள் இனி என்னைப் பார்த்துக் கூப்பிடமாட்டாளே என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

"பரவாயில்லமா" என்றேன். அவள் சொன்ன நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுடைய பஸ் தூரத்தில் சிக்னலுக்கு வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்... இன்னும் கொஞ்ச நேரம் அது மாறாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு.