முதல்ல கோயில், கடைசியில கடை

"ஓசியில வழி காட்டுறவன் உலகத்துலயே கெடையாதும்மே." எங்க வூட்டுக்காரரு முனிசாமி வாயத் தொறந்தா இதத்தான் சொல்வாரு. அதச் சொல்ல அவருக்குப் பாத்தியதையும் இருக்குது. முசரவாக்கத்துல இருந்த கழனிய தம்பிங்ககிட்ட விட்டுட்டு, காஞ்சிபுரம் டவுனுக்கு வந்து ஆட்டோ ஓட்டறவரு அவரு. ஆட்டோன்னா வெறும் சவாரி இல்ல. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வெளியூர்லருந்து வர்றவங்கள பஸ் ஸ்டாண்டுலயே மடக்குவாரு. கோயிலக் காட்டுவாரு, நல்ல ஓட்டல்ல டிபன் சாப்பிட வைப்பாரு, கடைசியில ஒரு பட்டுக்கடை வாசல்ல எறக்கி, "வாங்க வேணாம்மா, சும்மா பாருங்க, புடிக்கலன்னா வந்துடலாம்"னு சொல்வாரு. அவங்க மூட்டையக் கட்டிக்கினு போனப்புறம் கடைக்காரரு இவருக்குக் கமிஷன் குடுப்பாரு. இது ஊருக்கே தெரிஞ்ச தொழில், இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

அந்தத் தொழில்ல அவருக்குன்னு சில சட்டம் உண்டு. முதல்ல கோயில், அப்புறம் டிபன், கடைசியிலதான் கடை. "சாமி கும்பிட்ட கையும் நெறஞ்ச வயிறும் பேரம் பேசாதும்மே"ம்பாரு. கூட்டியாந்தவன் கஸ்டமரோட ஒக்காந்து சாப்பிடக்கூடாது, வாசல்லதான் நிக்கணும். கடைக்காரரு இவரப் பாத்தாலும் தெரியாத மாதிரி மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கணும். ஆனா போலி ஜரிகை விக்கிற கடைன்னு தெரிஞ்சா, எவ்ளோ ஆசை காட்டினாலும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டாரு. "நான் கூட்டிக்கினு போற கடையில போலி இருக்காது"ன்னு அதுல அவருக்கு அப்படி ஒரு பெருமை.

இப்படியே பொழச்சு பொழச்சு, காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு ஆயிப்போச்சு. பால்காரன் சிரிச்சா பாலுல தண்ணி. பக்கத்து வூட்டு வடிவு கொழம்பு குடுத்தனுப்பினா, "இன்னாத்துக்குக் குடுக்கறா? ஏதோ கேக்கப்போறா"ன்னு அதத் தொட மாட்டாரு. அந்தக் கொழம்ப நான்தான் சாப்பிடுவேன். எங்க பொண்ணு தேவிப்ரியாவுக்கு மாப்ள பாக்க ஆரம்பிச்சோம் பாருங்க, அப்பதான் எனக்கு ரத்தம் கொதிச்சது. ஒருத்தன் ஷூ ரொம்ப பளபளன்னு இருக்குதுன்னு வேணான்னுட்டாரு. "எதையோ மறைக்கிறான்." இன்னொரு வூட்ல எல்லாரும் ஒரே நேரத்துல சிரிச்சாங்களாம். "ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க." நான் தலையில அடிச்சிக்கினேன்.

தேவிப்ரியா ஏனாத்தூர் காலேஜுல படிச்சவ. மெட்ராஸ்ல வேலை பாத்து, அந்தக் கம்பெனியே பாரீசுக்கு அனுப்பிச்சுது. ஒரு நாள் அங்கருந்து போன் பண்ணா. "ம்மா, விஷால்னு ஒருத்தரு. பாண்டிச்சேரிக்காரங்க, அவங்க தாத்தா காலத்துலருந்து இங்கதான் இருக்காங்க. எனக்குப் புடிச்சிருக்குது. அப்பாகிட்ட இப்பவே சொன்னா கதவ மூடிக்குவாரு. நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. அவரே கூட்டிக்கினு போய் ஊரச் சுத்திக் காட்டட்டும். மனுஷன் எப்படின்னு அப்பா பழகிப் பாக்கட்டும், அப்புறம் நான் சொல்றேன்." அவளப் பத்தி எனக்குத் தெரியும். அப்பன மீறிக் கட்டிக்க மாட்டா. அப்பன் வேணான்னா வேற எவனையும் கட்டிக்கவும் மாட்டா. நான் சரின்னுட்டேன்.

பாரீசுல போய் எறங்கின மறுநாள் காலையில தேவிப்ரியா வேலைக்குக் கெளம்பிட்டா. லீவு கெடைக்கலன்னு அவ சொன்னது சுத்தப் பொய். வாசல்ல ஒரு பையன் வந்து நின்னான். ஒசரமா, கொஞ்சம் கூச்சமா, கையில எங்களுக்குக் குடை வேற. "இது விஷாலுப்பா, என் ஃப்ரெண்டு. சுத்திக் காட்டுவாரு"ன்னா. எங்க வூட்டுக்காரரு அவன மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. ஷூ அழுக்கா இருந்துச்சு, நல்ல வேளைன்னு நெனச்சேன். அவரு என் காதாண்ட வந்து, "வேலைவெட்டிய வுட்டுட்டு, எவன் பெத்த புள்ளயோ நமக்கு ஊரச் சுத்திக் காட்டுதாம். கேக்க நல்லாத்தான் இருக்குது"ன்னாரு. "செத்த சும்மா வாங்க"ன்னு கையப் புடிச்சு இழுத்துக்கினு போனேன்.

முதல்ல ஒரு குன்று மேல இருக்கற வெள்ளை சர்ச்சுக்குக் கூட்டிக்கினு போனான். படியேறப் போற எடத்துல கையில கலர் நூல வெச்சிக்கினு கொஞ்ச பேரு நின்னுக்கினு இருந்தாங்க. ஒருத்தன் சிரிச்சிக்கினே வந்து எங்க வூட்டுக்காரரு வெரலப் புடிச்சு, சரசரன்னு நூல முறுக்க ஆரம்பிச்சிட்டான். கட்டி முடிச்சதும் காசு கேப்பானாம். விஷால் ஓடியாந்து பிரெஞ்சுல ஏதோ அதட்டி அவன வெரட்டப் பாத்தான். எங்க வூட்டுக்காரருக்கு வந்துச்சே கோவம்! "அவன் ஒருத்தன்தான் இந்த ஊருல நேரா தொழில் பண்றான். அவன எதுக்குத் தொரத்தற? உன் எடத்துல அவன் பூந்துட்டானா?"ன்னாரு. அந்தப் புள்ள திருதிருன்னு முழிச்சுது. நூல்காரன் முதுகுல ஒரு தட்டு தட்டி, "நல்லா இருப்பா"ன்னு தமிழ்ல வாழ்த்திட்டுத்தான் இவரு படியேறினாரு. பாம்பின் கால் பாம்பறியும்னு சும்மாவா சொன்னாங்க.

அப்புறம் அந்தப் பெரிய இரும்பு டவரு. விஷால் முன்னாடியே டிக்கெட்டு எடுத்து வெச்சிருந்தான். நீளமா ஒரு வரிசை நின்னுக்கினு இருக்க, நாங்க வேற பக்கமாப் போய் சீக்கிரமா உள்ள பூந்துட்டோம். "பாத்தியா, செட்டிங்கு. உள்ள ஆளு வெச்சிருக்கான்"ன்னாரு இவரு. வரதராஜர் கோயில்ல பல்லி தொடறதுக்குக் கஸ்டமருங்கள இவரு கூட்டிக்கினு போற வழியெல்லாம் எனக்குத் தெரியாதா? மேல நின்னா ஊரே தெரியுது. ஆறு வளைஞ்சு போகுது, வூட்டுக் கூரையெல்லாம் ஒரே சாம்பல் கலரு. நான் வாயப் பொளந்துக்கினு பாத்தேன். இவரு ஊரப் பாக்கல. விஷால் யாரோட பேசறான், யாரு அவனப் பாத்து சிரிக்கறாங்கன்னு அதத்தான் பாத்துக்கினு இருந்தாரு.

சாப்பாட்டு வெஷயம்தான் பெரிய பேஜாரு. ஒரு பேக்கரியில மடிப்பு மடிப்பா ஒரு ரொட்டி, வாயில வெச்சா வெண்ணெயாக் கரையுது. கடைக்காரம்மா விஷாலப் பாத்து சிரிச்சு, கூட ஒண்ணு சேத்துப் போட்டா. அவ்ளோதான், எங்க வூட்டுக்காரரு பாதி ரொட்டிய அப்படியே வெச்சிட்டாரு. விஷால் எங்களுக்கு வாங்கிக் குடுத்தானே ஒழிய, எங்களோட ஒக்காரல. மரியாதைக்கு நின்னானோ, பயத்துல தொண்டையில எறங்கலயோ, வாசலாண்டயே நின்னுக்கினு இருந்தான். "பாரு, ஒக்காந்து சாப்பிடறானா பாரு"ன்னு இவரு என் முட்டிய இடிச்சாரு. "இது தொழில் தெரிஞ்ச பையன்."

மறுநாள் மத்தியானம் இவரே ஒரு ஓட்டலத் தேடிப் புடிச்சாரு. வாசல்ல நின்னு யாரும் கூப்பிடல, அதான் நல்ல ஓட்டலாம். "அங்கிள், அங்க வேணாமே"ன்னு விஷால் சொன்னான். அவன் வேணான்னதும் இவருக்கு ரெண்டு மடங்கு நம்பிக்கை. பக்கத்து மேசைக்காரன் தட்டக் காட்டி அதே வேணும்னாரு. வந்தது பாத்தா ஓட்டோட நத்தை! பச்சையா ஏதோ எண்ணெயில மெதக்குது. நான் முந்தானையால மூக்க மூடிக்கினேன். முசரவாக்கத்துக் கழனியில சின்ன வயசுல நத்தை பொறுக்கித் தின்ன ஆளுதான் அவரு, ஆனாலும் மூஞ்சி மாறிப்போச்சு. விஷாலாண்ட தோத்துடக்கூடாதேன்னு ஒண்ணு விடாம நோண்டி நோண்டித் தின்னாரு. ரோசத்துக்குக் கொறச்சலே இல்ல. அந்தப் புள்ள சிரிக்கல பாருங்க, அதுலதான் எனக்கு அவன ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஓடிப்போய் சோடா வாங்கியாந்து குடுத்தான். "சோடாவுலயும் கமிஷன் இருக்கும்"னு சொல்லிட்டு, அதையும் குடிச்சாரு.

அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் என்னை ஒக்கார வெச்சு வெரல் வுட்டு எண்ணினாரு. "முதல்ல சர்ச்சு. அதான் கோயிலு. அப்புறம் டிபன். அடுத்தது இன்னா? கடை! இது நம்ம ரூட்டும்மே! நாளைக்கு ஒரு கடைக்குக் கூட்டிக்கினு போவான் பாரு. நம்ம பொண்ணு வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புறவ. அவள வெச்சு நம்மள அமுக்கப் பாக்கறான்." நான் அவரு மூஞ்சியப் பாக்காம துணிய மடிக்க ஆரம்பிச்சேன். ஏன்னா, அவரு சொன்னதுல பாதி நெசம்.

நெனச்ச மாதிரியே மறுநாள் சாயங்காலம் விஷால் தயங்கித் தயங்கி வந்தான். "அங்கிள், நம்ம ஊரு சாப்பாடு ஒரு எடத்துல நல்லா இருக்கும். சும்மா பாருங்க, புடிக்கலன்னா வந்துடலாம்."

அதே வார்த்தை! சின்ன புள்ளயில ஆட்டோ பின் சீட்டுல ஒக்காந்து கேட்டதத்தான் தேவிப்ரியா இவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. எங்க வூட்டுக்காரரு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, வேட்டைக்காரன் சிரிப்பு.

அந்தத் தெருவுல எறங்கினா பாரீசா இதுன்னு இருந்துச்சு. ஒரே தமிழ் போர்டு, மல்லிப்பூ, மொறுமொறு வடை வாசனை. சின்ன ஓட்டல். கல்லாவுல ஒரு அம்மா, நெத்தியில பெரிய பொட்டு. உள்ள நொழைஞ்ச எங்களப் பாத்தா, விஷாலப் பாத்தா. பாத்துட்டு, சட்டுன்னு மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினா. விஷால் வழக்கம்போல வாசல்ல நின்னுட்டான்.

இலை போட்டு இட்லியும் சாம்பாரும் வந்துச்சு. இவரு தொடல. நேரா எழுந்து கல்லாவாண்ட போனாரு. நான் புடிக்கறதுக்குள்ள கேட்டுட்டாரு. "ஏம்மா, தெரிஞ்ச மூஞ்சியத் தெரியாத மாதிரி பாக்கறியே, நான் இந்தத் தொழில்ல எத்தனை பேரப் பாத்திருப்பேன்? எங்களக் கூட்டியாந்ததுக்கு அந்தப் பையனுக்கு இன்னா குடுக்கற? நேரா சொல்லு."

அந்தம்மா பேரு புவனேஸ்வரி. மூஞ்சி செவந்துபோச்சு. கல்லாவ விட்டு எறங்கி வந்து கும்பிட்டா. "அண்ணே, அவன் என் புள்ள. அவனுக்கு நான் எதுவும் குடுக்கல. அவனத்தான் உங்க பொண்ணுக்குக் குடுக்கணும்னு கூட்டியாரச் சொன்னேன். முன்னாடியே பேசுனா நீங்க பாதியில எழுந்து போயிடுவீங்கன்னு உங்க பொண்ணு பயந்துச்சு."

எங்க வூட்டுக்காரரு மெதுவா என் பக்கம் திரும்பினாரு. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு இன்னா கமிஷன்?"

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "கமிஷனா? யோவ், ஷூவப் பாத்து ஒருத்தன வேணான்னீங்க, சிரிப்பப் பாத்து ஒருத்தன வேணான்னீங்க! நேரா சொல்லியிருந்தா இந்தப் புள்ள மூஞ்சிய ஏறெடுத்துப் பாத்திருப்பீங்களா? நீங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினதெல்லாம் கேட்டுக்கினு, வெய்யிலுக்கும் மழைக்கும் குடை புடிச்சிக்கினு வந்துச்சே, அதுக்கு எவன் கமிஷன் குடுப்பான்?" எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு.

அப்பதான் பாத்தேன், விஷால் பக்கத்துல தேவிப்ரியா நிக்கறா. வேலையிலருந்து ஓடியாந்திருக்கா, தோள்ல பை, மூச்சு வாங்குது.

"நம்ம ரூட்ட நம்மகிட்டயே ஓட்டுறியா?"ன்னாரு இவரு. கோவமா, ரோசமா, எனக்கே தெரியல. ஊரெல்லாம் கூட்டிக்கினு போன மனுஷன், பெத்த பொண்ணு கூட்டிக்கினு வந்த எடத்துல கஸ்டமரா நிக்கறாரு.

தேவிப்ரியா கண்ணத் தொடச்சிக்கினா. "ஆமாப்பா. ஆனா போலி கடைக்கு நான் உன்ன கூட்டிக்கினு வருவேனாப்பா?"

போலி கடை வாசப்படிய மிதிச்சதில்லங்கற அந்த ஒரு பெருமையிலதான் அவரு இத்தனை நாளு தல நிமிந்து நின்னாரு. திரும்பி விஷாலப் பாத்தாரு. அந்தப் புள்ள கைய முன்னாடி கட்டிக்கினு, இவரு பட்டுக்கடை வாசல்ல நிப்பாரே, அப்படியே நின்னுக்கினு இருந்துச்சு. இவரு போய் இலையாண்ட ஒக்காந்தாரு. பக்கத்து நாற்காலியக் கையால தட்டினாரு.

"இங்க வாப்பா. வந்து ஒக்காரு. கூட்டியாந்தவங்கதான் வாசல்ல நிக்கணும்." அப்புறம் பொண்ணப் பாத்து, "கூட்டியாந்தது நீதானே. நீ அங்கயே நில்லு"ன்னாரு.

அவ சிரிச்சிக்கினே அழுதா, அழுதுக்கினே சிரிச்சா, ஆனா வாசல்லயே நின்னா. புவனேஸ்வரி இன்னொரு இலை போட்டா. எங்க வூட்டுக்காரரு தன் இலையிலருந்து ஒரு இட்லிய எடுத்து விஷால் இலையில வெச்சாரு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு என் பக்கம் சாஞ்சு, "சாம்பாரு இனிக்குதே, இன்னாத்துக்கு வெல்லம் போட்டிருக்கா?"ன்னு கேட்டாரு. நான் கட்டிக்கினு வந்த நாள்லருந்து, வெளிய போன எடத்துல எங்களத் தவிர இன்னொருத்தரோட அவரு ஒக்காந்து சாப்பிட்டு நான் பாத்தது அன்னிக்குத்தான்.