இரண்டு பக்கமும் சிவப்பு

1. பூரிக்கட்டை

செஞ்சி கூட்டு ரோட்டுப் பக்கம் இருந்த அந்த ஸ்போர்ட்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குக் காட்டிய இடம் பின்பக்கத்து மேஜை. அதன் மேல் ஒரு கோந்து டப்பா, ஒரு கத்தரிக்கோல், ஒரு பூரிக்கட்டை. டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் ஒட்டப் பூரிக்கட்டையா என்று சிரித்துவிட்டேன். காற்றுக் குமிழ் நிற்காமல் உருட்டி ஒட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"இங்க பாரு செலினு, கையி சும்மா இருக்கக் கூடாது, வாயி சும்மா இருக்கணும். அவ்ளோதான் இந்தக் கடைல வேலை" என்றார் முதலாளி. கை சும்மா இருந்ததே இல்லை. வாய் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் கடைசி வரை ஒத்துவரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட் என்பது மரம் மட்டுமல்ல. மரத்தை பிளேடு என்போம். அதன் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் ஷீட்டில்தான் ஆட்டமே இருக்கிறது. ஷீட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் இருக்கும். ஸ்பாஞ்ச் தடிமனாக இருந்தால் பந்து பறக்கும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு மெல்லிய ஸ்பாஞ்ச், இரண்டு பக்கமும் ஒரே வகை, பந்து கைக்கு அடங்குகிற ரப்பர், இவ்வளவும் போதும். ஆனால் கடைக்கு வருகிற அப்பாக்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இருக்கறதுலயே ஸ்பீடு எதுங்க?" முதலாளியும் வாயெல்லாம் பல்லாக அதையே எடுத்துக் கொடுப்பார். அந்தப் பிள்ளை அடிக்கிற பந்தெல்லாம் மேஜைக்கு வெளியே போகும். இதைச் சொல்லப் போய் நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

2. கருப்பு வேணாமே

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்திலிருந்து பேட் வாங்க வந்தவர் அவர். கொஞ்சம் நிலம், அதில் மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை போடுகிறவர். மகள் கௌசல்யா செஞ்சியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் இருந்த பொது பேட்டை வைத்தே நன்றாக ஆடுவாளாம். விழுப்புரத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், சொந்த பேட்டோடு போனால் நல்லது என்று பள்ளியின் பி.டி. மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மாஸ்டர் கபடிக்காரர். ரப்பரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"எடம் கெடைச்சா படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம் சார். அடுத்த வருசம் வயசு தாண்டிடும். இதான் ஒரே சான்ஸு. நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். கிடைக்காவிட்டால் பத்தாவதோடு நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று அவரே சொன்னார். மகளைக் கூட்டிவரவில்லை. தெரியாமல் வாங்கி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

கடையில் அன்றைக்குக் கருப்பு ஷீட் இல்லை. தீர்ந்துவிட்டது, ஆர்டர் போடுங்கள் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். சிவப்பு மட்டும் மொத்தமாகச் சல்லிசாக வந்தது என்று முதலாளி வாங்கி அடுக்கியிருந்தார். அது அசையாமல் கிடந்தது.

அந்த மனுஷர் சுவரில் ஒட்டியிருந்த பேட் படத்தைப் பார்த்தார். "ஒரு பக்கம் கருப்பா வருங்களா? பொண்ணுக்கு மொத மொதலா வாங்கறேன். கருப்பு வேணாமே" என்றார்.

முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அதுக்கின்னா, ரெண்டு பக்கமும் செவப்பே போட்டுடலாம். அம்மன் கலரு" என்றார்.

"அண்ணா, அப்டி போடக் கூடாதுங்க. எந்தப் பக்கத்தால அடிக்கறாங்கன்னு எதிர்ல ஆடறவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வேற கலரு. ரெண்டும் செவப்பா இருந்தா ஆட வுட மாட்டாங்க. ரெண்டு நாளு பொறுங்க, சென்னைலருந்து கருப்பு வந்துடும். நானே ஒட்டித் தரேன்" என்றேன்.

"அதெல்லாம் டிவில வர்ற மேட்ச்சுக்கு. பசங்க ஆட்டத்துல யாரு பாக்கறா? செலினு, நீ போயி ஒட்டற வேலையப் பாரு."

அவர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். "சாரே சொல்றாருல்ல. செவப்பே போடும்மா" என்றார்.

ஒட்டி முடித்துக் கையில் கொடுக்கும்போதும் விடவில்லை. "பாப்பாவ ஒரு தரம் கூட்டியாங்கண்ணா. இல்ல, அந்த மாஸ்டர் கிட்டயாவது காட்டுங்க" என்றேன்.

"சாமிகிட்ட வெச்சி, ஆளு எடுக்கற அன்னைக்கி காலைலதாம்மா எடுத்துக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது" என்று சொல்லி, மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பேட்டுக்கும் நல்ல நேரம் பார்க்கிற ஊர் இது.

3. விழுப்புரத்தில்

அங்கே நடந்ததை கௌசல்யாதான் பிறகு எனக்குச் சொன்னாள். விடியற்காலையில் அப்பா கொடுத்த பேட்டை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவள் முறை வந்ததும் அம்பயர் பேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா, ரெண்டும் செவப்பா இருக்குது? இத வெச்சு ஆட முடியாது. வேற இருக்குதா?"

வேறு இல்லை. பழகிய பேட் செஞ்சியில் பள்ளி அலமாரிக்குள் இருந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் பாவம் பார்த்துத் தன் பேட்டைக் கொடுத்திருக்கிறாள். அது வருஷக்கணக்கில் ஆடுகிறவள் பேட். தடிமனான ஸ்பாஞ்ச், அசுர வேக ரப்பர். கௌசல்யா தொட்டதெல்லாம் பறந்திருக்கிறது. சர்வீஸே மேஜையில் விழவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா" என்றாள்.

4. அவள் கேட்டது

அந்த வாரக் கடைசியில் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவர் சண்டை போடவில்லை. பேட்டை மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு பக்கம் கருப்பு மாத்தித் தர முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார். மகள் அவர் மேல் கோபமாக இருக்கிறாள் என்பது அவர்கள் தள்ளித் தள்ளி நின்றதிலேயே தெரிந்தது.

முதலாளி கொஞ்சமும் கூசாமல், "ஒட்டுனது இவங்கதாங்க. ரூலு தெரிஞ்சவங்க சொல்லியிருக்கணும்" என்று என்னைக் கை காட்டினார்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே ஆத்திரம். "நான் சொல்லலியா? உங்க காது கேக்கத்தான சொன்னேன்?" என்றேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "கௌசல்யா, உங்க நைனா மேல தப்பு இல்ல. அன்னைக்கி இந்தக் கடைல கருப்பு ஷீட்டே இல்ல. ரெண்டு பக்கமும் செவப்பு போட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னு, செவப்ப தள்ளி வுடறதுக்கு இவரு சொன்ன பொய்யி" என்றேன்.

கடையில் இன்னும் இரண்டு கஸ்டமர் நின்றிருந்தார்கள். முதலாளி முகம் கறுத்துவிட்டது. "நாளைலருந்து வராத" என்றார். சரி என்றேன்.

அப்பா முதலாளியை முறைப்பார், ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கௌசல்யாதான் கேட்டாள். முதலாளியை அல்ல, அப்பாவை.

"அவரு விக்கறவரு நைனா, அப்டித்தான் சொல்லுவாரு. இந்தக்கா போடக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல. நீ ஏன் கேக்கல?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவங்க இங்க வேல செய்யறவங்கதான பாப்பா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் முதலாளி திட்டியதைவிட அது அதிகமாக வலித்தது.

இப்போது திண்டிவனம் ரோட்டில் வேறொரு கடையில் இருக்கிறேன். பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக வந்து பேட் கேட்கிற அப்பாவுக்கு நான் ஒட்டித் தருவதில்லை. "ஆடறவங்கள கூட்டியாங்க" என்கிறேன். பிள்ளை வந்ததும் அதன் கையில் ஷீட்டைக் கொடுத்து, எது எதற்கு என்று அதனிடமே சொல்கிறேன். பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் யாரென்பது ஒரு பொருட்டில்லை. சில அப்பாக்கள் கோபித்துக்கொண்டு பழைய கடைக்கே போகிறார்கள். அங்கே இன்னும் அந்தச் சிவப்பு ஷீட் தீரவில்லை என்று கேள்வி.

கௌசல்யா பத்தாவதோடு நின்றுவிட்டாள்.