மேட்டுக்கு ஏற்ற பாட்டு

அந்தச் சனிக்கிழமை காலையில் குன்னூர் ஜிம்மில் சைக்கிள்மேல் இருந்தவர்கள் பதினான்கு பேர். கதவோரம் முதலாளியம்மா. முன்னால், மைக்குடன் நான். இல்லாதவள் என் அக்கா சுமதி. அவள் தேயிலை எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பை வடிவமைத்தவள் அவள்தான். நான் வடிவமைத்ததாகச் சொல்லிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

நகராத சைக்கிளில் அமர்ந்து, பாட்டின் வேகத்துக்கு மிதிக்கும் வகுப்பு அது. அந்த வருடம் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பத்துத் திரைப்பாடல்களை எடுத்தேன். கடைசியில், எந்தப் பாட்டு வெல்லும் என்று மிதித்தவர்களே கை தூக்க வேண்டும். இந்த யோசனை என்னுடையது. இதையாவது நம்புங்கள்.

ஆனால் வரிசை? மேடு ஏறுவதுபோல் பாரத்தைக் கூட்டி மிதிக்கும் ஏற்றங்களிலெல்லாம் குத்துப்பாட்டை வைத்திருந்தேன். வீட்டில் போட்டுக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டாள்.

"ஏண்டா, மேட்டுல எவனாச்சும் ஓடுவானா? இலை மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு எடை போடற எடத்துக்கு ஏறிப் பாரு. காலு தானா மெதுவாயிரும்."

ஒரு காதில் பாட்டு ஓட, இரு கையாலும் இலை பறிப்பவள். பத்துப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாளும் சைக்கிள் ஓட்டியறியாதவள், அரைமணி நேரத்தில் என் வரிசையைக் கலைத்து அடுக்கினாள்.

"இந்தத் தாலாட்டு மாதிரி இருக்கறத மேட்டுக்கு வெய்யி. ஆட்டத்த எறக்கத்துல வுடு."

வைத்தேன். என்ன ஒரு வகுப்பு அது! ஏற்றம் என்றதும் பாரத்தைக் கூட்டும் திருகைத் தளர்த்திவிடுபவர்கள், அன்று தாங்களே இறுக்கிக்கொண்டார்கள். அந்த மெதுவான பாட்டுக்குப் பதினொரு கைகள் உயர்ந்தன. எதற்கு மறைக்க வேண்டும்? இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

முதலாளியம்மா என்னை ஓரமாக அழைத்தார். "யார் பிரகாஷ் இந்த வரிசையப் போட்டது? ஊட்டில புதுசாத் தொறக்கறோம். பாட்டு அமைக்கவே ஒரு ஆள் வேணும். படிப்பெல்லாம் கேக்கமாட்டேன், இந்தக் காது இருந்தாப் போதும்."

"நானேதானுங்க மேடம்."

"உன்னை இங்கிருந்து அனுப்ப முடியாதே. சரி, வேற ஆள் பாக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? இல்லை... பெருமை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்கா என்னைத் திருத்தினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படிக்கத்தான் அவள் நின்றாள் என்பது அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா... தெரியவில்லை.

அன்று மாலை அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம் பேரச் சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா. எல்லாரும் கை தட்டுனாங்க."

மறுவாரம் முழுவதும் கூடப் பறிக்கும் பெண்களிடமெல்லாம் அந்தக் கைதட்டலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். விருதுப் பட்டியல் வந்ததும் இப்போதும் அவளேதான் கேட்கிறாள், "பாட்ட அனுப்புடா, அடுக்கித் தர்றேன்." அனுப்புகிறேன். அடுக்கித் தருகிறாள். வகுப்பு நிறைகிறது.

ஊட்டி வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய சம்பளம், அக்கா வாங்கும் கூலியைவிட மாதம் ஐயாயிரம் அதிகம். இந்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது.

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.