ஐசோடோப் ரூம் தாமஸ் சார்

தாமஸ் சார் போய்விட்டார். இன்று காலை, ராயபுரத்தில், அவர் வீட்டிலேயே. தூக்கத்தில்... மகள் போன் செய்து சொன்னாள்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும். நான் எண்பத்தாறு வயது வரை இருந்து இங்கே எதையாவது எழுதிக்கொண்டிருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதுசு. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. விழுங்கும்போது மட்டும் மேலும் கீழும் போகும்.

டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக ஒரு ஐசோடோப் ரூம். டெக்னீஷியன், தாமஸ் சார். மீசைகூட சரியாக வரவில்லை அப்போது...

ஒரு டம்ளரில் தண்ணீர் மாதிரி ஏதோ கொடுத்தார். கதிர்வீச்சு உள்ள அயோடின், துளிதான், பயப்படாதே என்றார். கழுத்திலிருக்கும் தைராய்டு அதை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். மறுநாள் கதிர்வீச்சை அளக்கும் கருவியை வைத்தால் இழுத்த இடத்தில் டிக் டிக் என்று கேட்கும். புற்று இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் இழுக்காது, சத்தம் குறையும்.

மறுநாள் போனேன். கழுத்து முழுக்கவே சத்தம் இல்லை.

கழுத்தில் ஏதாவது தடவினாயா என்று கேட்டார். தடவியது என் வீட்டுக்காரர் ஏழுமலை. கட்டி கரையட்டும் என்று, தினமும் கடலுக்குப் போகும் முன் டிங்ச்சர் அயோடினைப் பஞ்சில் தொட்டுப் பூசிவிடுவார். அவ்வளவு பிரியம்.

உடம்பில் அந்த அயோடினே நிறைந்துவிட்டதால் இதற்கு இடமில்லை. சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை டிங்ச்சர் கூடாது, அயோடின் உள்ள கடல் மீனும் கூடாது என்று அனுப்பினார்.

காசிமேட்டில்... மீன் பிடிக்கிற வீட்டில்... மீன் கூடாது.

வீட்டில் எல்லோரும் போதும் என்றுவிட்டார்கள். யாரோ ஜப்பானில் போட்ட குண்டைப் பற்றி வேறு சொல்லிவைத்தார்கள். நானும் இனி போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாளில் விஷயம் தாமஸ் சார் காதுக்குப் போய், சைக்கிளில் வீடு தேடி வந்தார். ஏழுமலை அவரை உள்ளேயே விடவில்லை.

"அணுகுண்டு தண்ணிய என் பொண்டாட்டிக்குக் குடுக்கற. அவளுக்கு எதுனா ஆச்சுன்னா நான் யாராண்ட போய் கேக்கறது?"

"என்னாண்டயே கேளு நைனா. ராயபுரத்துலதான் என் வூடு. நீயும் கூட வா. என்ன நம்ப வேணாம், உன் காதால கேளு."

ஏழுமலை வாசலை விட்டு நகர்ந்தார். அப்புறம் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

அந்த வாரங்களில் ஏழுமலையும் மீன் தொடவில்லை. கூடை கூடையாகப் பிடித்து வந்து விற்றுவிட்டு, என்னோடு உட்கார்ந்து கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டார். தாமஸ் சார் வேலைக்குப் போகிற வழியில், சைக்கிளை விட்டு இறங்காமலே, இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பார். பதில் கேட்டுவிட்டுத்தான் பெடலை மிதிப்பார்.

இரண்டாவது தடவை, கருவியை முதலில் ஏழுமலையின் கழுத்தில் வைத்தார். எப்போதாவது ஒரு டிக். பிறகு என் கழுத்தில் பேனாவால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி படபடவென்று கேட்டது.

கட்டியின் மேல் வந்ததும் மழை நின்றுவிட்டது.

"இங்க மட்டும் இன்னா சத்தமே காணோம்?" என்றார் ஏழுமலை. கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தாமஸ் சார் கருவியைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

டாக்டர் ஆபரேஷன் என்றதும், நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை சரி என்றார். புற்றுதான்... பரவுவதற்கு முன் எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் தாமஸ் சார் இருப்பார். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்வார் என்று கண்டிப்பாக இருப்பார். ஆனால் எல்லாம் நல்லபடியாக இருந்தால் கருவியை எடுத்து வைக்கும்போதே புட்பால் பேச ஆரம்பித்துவிடுவார். ஏழுமலைக்கு புட்பாலில் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படிச் சந்தோஷமாகத் தலையாட்டுவார்...

நாளை சாயங்காலம் அடக்கம். ஏழுமலை இப்போது இல்லை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிறந்த என் இரண்டு பெண்களும் நானும் வருகிறோம்.

போய் வாங்க சார்.