இருநூற்றுப் பதினேழாவது சாடி

பொலிக்ஸேனி படித்தது நாலாம் வகுப்பு வரைதான். அதுவும் தீவு இத்தாலிக்காரர்கள் கையில் இருந்த காலம்; பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழிதான். கிரேக்க எழுத்தைத் தேவாலயத்து ஜெபப் புத்தகங்களைப் பார்த்துத் தானே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டாள். அவள் கையெழுத்தில் பதினொரு பதிவேடுகள் துறைமுகத்துப் பழைய சுங்கக் கட்டடத்தில் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு சாடி. வாய், உதடு, கழுத்து, தோள், வயிறு, அடி என்று மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போயிருப்பாள்.

அது அவள் தொழிலே அல்ல. இருபத்தாறு வருஷம் அந்தத் தீவில் பிள்ளைப்பேறு பார்த்தவள் அவள். கோஸ் தீவுக்கு வாரம் மூன்று கப்பல் விட்டதும், கர்ப்பிணிகள் எல்லாரும் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பொலிக்ஸேனியின் கதவைத் தட்ட ஆளில்லாமல் போனது.

அந்த வருஷம்தான் ஊருக்கு மேலே இருந்த குன்றில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் சாடி. ஒவ்வொரு சாடியின் வயிற்றிலும் ஒரு சதுரத் துண்டு அறுத்தெடுத்து, அதையே மூடியாக வைத்துப் பூசியிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மண். மண்ணுக்குள் பச்சைக் குழந்தையின் எலும்பு. இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்தவுடன் செத்த பிள்ளைகள். பத்தல்ல, நூறல்ல, குன்று முழுக்க அவைதான் என்றார் ஏதென்ஸிலிருந்து வந்த எரிஃபிலி. அகழாய்வுக்குப் பொறுப்பு அவர். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. சிகரெட்டும் கையுமாக இருப்பார்.

உடைந்த சாடி ஓடுகளைக் கழுவப் பொலிக்ஸேனியை வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள், ஒட்டி நிமிர்த்திய ஒரு சாடியை அவள் இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதுக்கு வயிறு நல்லா எறங்கிடுச்சும்மா. பத்து நாளைக்குள்ள பொறந்துடும்."

எரிஃபிலி சிரித்தார். பிறகு அளவுகோலை எடுத்து அளந்தார். சாடியின் அகலமான இடம், இருக்கவேண்டியதற்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

"பக்கத்துல இருக்கறத என்ன சொல்லுவீங்க?"

"அது தலைச்சன் வயிறு. மேல தூக்கிக் கட்டினாப்புல இருக்கு. தோள் கிடையாது, கழுத்துலேர்ந்து நேரா வழுக்கிட்டுப் போவுது. காதுல ஒண்ணு ஒடஞ்சு, ஒடஞ்ச எடம் வழவழன்னு தேஞ்சிருக்கு. அப்படின்னா, ஒடஞ்ச பெறகும் ரொம்ப நாள் பொழங்கியிருக்காங்க."

அன்றைக்கே பதிவேடு அவள் கைக்கு வந்துவிட்டது.

சுங்கக் கட்டடம் நீளமான கல் கூடம். மரப்படிகளில் சாடிகளை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். கோடையில் வடகாற்று ஜன்னல் வழியாக நுழையும்போது அவை ஊதும். நீண்ட கழுத்துக்காரி மெல்லிசாக, அகலவாய்க்காரி அடித்தொண்டையில். மண் எடுக்காத சாடி மட்டும் ஊதாது. மத்தியானம், ஊர் முழுக்கக் கதவடைத்துத் தூங்கும் நேரத்தில், ஈரம் காய்ந்து ஓடுகள் விரல் சொடுக்குவதுபோல் ஒவ்வொன்றாகச் சத்தமிடும்.

காவலாளி மனூசோஸ் அவற்றுக்கு முதுகு காட்டி உட்காரவே மாட்டான். பொலிக்ஸேனியின் தம்பி மகனுக்கு ஞானத்தகப்பன் அவன். அந்த முறையில் அவளைக் 'கும்பாரா' என்பான்.

"கும்பாரா, இதுங்க வாயெல்லாம் ஏன் நம்ம பக்கமே இருக்கு? செவுத்தப் பாத்துத் திருப்பி வையேன்."

"நீ பேசறது கேக்க வேணாமா அதுங்களுக்கு? ஊர்ல வேற யாரு கேக்கறா?"

"சிரி, சிரி. ராத்திரிக் காவல் இருக்கறவன் நான்."

அவள் சிரித்தாள். ஆனால் புதிதாக வந்த ஒவ்வொரு சாடியையும் எழுதும் முன் அவள் செய்யும் ஒரு காரியம் மனூசோஸுக்குத் தெரியாது. முதலில் அடிப்பகுதியைத் தடவுவாள். அங்கே பிறை வடிவில் ஓர் உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லை என்று தெரிந்தபிறகே மூச்சு விடுவாள்.

காரணம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் நடந்தது.

கடற்பஞ்சு எடுக்கும் படகுத் தலைவன் ஒருவனின் மகள் ஸம்பேத்தா. பதினெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. தகப்பன் ஆறு மாதமாக ஆப்பிரிக்கக் கரையில் இருந்தான். அத்தை வீட்டு உள்ளறையில் வைத்துப் பொலிக்ஸேனி பிரசவம் பார்த்தாள். அவளுக்கே அப்போது இருபத்தாறு வயதுதான். குழந்தை கால் பக்கமாக இறங்கியிருந்தது. கைவிட்டுத் திருப்பப் பார்த்தாள். மூன்று தரம் பார்த்தாள். தலை திரும்பவில்லை. கடைசியில் வெளியே வந்தபோது உயிர் இல்லை. பெண் குழந்தை.

பாதிரியார் வாசலிலேயே நின்றுகொண்டார். "ஞானஸ்நானம் ஆகாததுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொலிக்ஸேனி தன் மேலங்கியைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினாள். கண்ணேறு படாமலிருக்க உயிருள்ள குழந்தைக்குக் குத்துவதுபோலவே, ஊக்கில் கோத்த நீலக்கண்ணாடி மணி ஒன்றை அதன் இடது தோளில் குத்தினாள். ஏன் குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது, கைப்பழக்கம். ரொட்டிக் கூடையில் வைத்து மூடி, உச்சிவெயிலில் குன்றேறினாள். அந்த நேரத்தில் அங்கே யாரும் தலைகாட்டமாட்டார்கள். உச்சிவேளையில் அலைகிறவர்களின் குரலை ஏதோ ஒன்று பறித்துக்கொள்ளும் என்பது ஊர்ப் பேச்சு.

மழை அரித்த ஓடையில் ஒரு சாடி பக்கவாட்டில் படுத்து வெளியே தெரிந்தது. வயிற்றில் சதுரமான ஓட்டை, மூடி இல்லை. பாதி மண். கழுத்துப் பக்கம் மண் இறுகிக் கிடந்தது. கைவிட்டுத் துழாவியபோது விரலில் சிப்பி போலச் சின்னச் சின்னதாக என்னவோ பட்டது. வேறு வழியில்லாமல் குழந்தையின் தலையைச் சாடியின் அடிப்பக்கமாக வைத்து இறக்கினாள். ஓட்டைமேல் ஒரு தட்டைக்கல்லை வைத்து, மண்ணும் கல்லும் குவித்தாள். அடியில் பிறைபோல் உடைந்திருந்ததைக் கை அப்போதே பார்த்து வைத்துக்கொண்டது.

இறங்கி வந்து ஸம்பேத்தாவின் அத்தையிடம் "ஆச்சு" என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. மூன்று நாள் வரவில்லை.

அந்தச் சிப்பிகள் என்னவென்பது, முதல் சாடியைத் திறந்த அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

இரண்டாம் கோடையின் கடைசி வாரம். மனூசோஸும் இன்னொருவனும் பலகையில் ஒரு சாடியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள்.

"இருநூத்திப் பதினேழு. முழுசா கெடச்சிருக்கு கும்பாரா. சும்மா கல்லு மாதிரி."

அவள் அடியைத் தடவினாள். கட்டைவிரல் பிறைக்குள் போய்ப் பொருந்தி நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. "மேல கல்லு இருந்துச்சா?" என்றாள்.

"எங்க மேல?"

"வயித்து மேல. தட்டக்கல்லு."

"கல்லெல்லாம் இல்ல. மூடிதான் இருக்கே, பாரு. என்னா இறுக்கம்! கத்தி நொழையல."

பார்த்தாள். அறுத்தெடுத்த சதுரத் துண்டு, அதே சாடியின் துண்டு, தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. தோளிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் மூன்று அலைக்கோடுகள் துண்டின் மேலும் விட்டுப்போகாமல் ஓடின. சுற்றிலும் மெல்லிய களிமண் பூச்சு. அதில் விரல் தடங்கள்.

"என்ன கும்பாரா, மொகம் வெளுத்துப்போச்சு?"

"வெயில்" என்றாள்.

எலும்பு பார்க்க டென்மார்க்கிலிருந்து வந்திருந்தவர் இங்கெபோர்க் என்ற அம்மாள். மூடியை எடுத்துவிட்டு, தூரிகையும் மரக்குச்சியுமாக இரண்டு நாள் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றினார். பொலிக்ஸேனி பக்கத்தில் நின்று, சொன்னதைக் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் இங்கெபோர்க் நிமிர்ந்தார்.

"பொலிக்ஸேனி, இங்க ரெண்டு. ரெண்டு தலை."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டும் கழுத்துப் பக்கம். எதிர் எதிர் முகம். ரொம்ப அழகு. பொறக்கப் போற மாதிரி, ரெண்டும் தலை கீழ."

பொலிக்ஸேனி பென்சிலைக் கீழே வைத்தாள். வெளியே நடந்துபோய்ப் படகு கட்டும் கல்லில் உட்கார்ந்தாள். எரிஃபிலி பின்னாலேயே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"திரும்பியிருக்கும்மா."

"எது?"

"நான் தலைய அடிப்பக்கமாத்தான் வெச்சேன். அது திரும்பியிருக்கு. என் கையால மூணு தரம் திருப்பினேன், திரும்பல. உள்ள போய்த் திரும்பியிருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், பெயரைத் தவிர. எரிஃபிலி கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த சிகரெட் தானாக எரிந்து முடிந்தது.

"தண்ணி எறங்கும், வேர் எறங்கும். எலும்பு எடம் மாறும். நான் நெறைய பாத்திருக்கேன்" என்றார் கடைசியில்.

"மூடி?"

எரிஃபிலி இன்னொரு சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்கவில்லை.

"எடது தோள்ல ஊக்கும் நீலமணியும் இருக்கும், பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் அது கிடைத்தது. துருப்பிடித்த ஊக்கு, நீலமணி. இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில், இருவர் கைகளும் பின்னிக் கிடந்த இடத்தில். எந்தத் தோளிலும் இல்லை. எலும்புகளில் நிற வித்தியாசம் கூட இல்லையென்று இங்கெபோர்க் இரண்டு தரம் சொன்னார். வெளிநாட்டுக்கு அனுப்பினால் எது பழசு, எது புதுசு என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிரித்தெடுக்க வேண்டும். எரிஃபிலி அன்று மாலை முழுக்கத் துறைமுகத்தில் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு வந்து, எடுத்த மண்ணைச் சலித்து அப்படியே திருப்பிப் போடச் சொன்னார். மூடியைத் தானே வைத்துப் பூசினார்.

"இத யாரும் தொறக்க வேணாம். ஆனா அந்தப் பொண்ணு உயிரோட இருந்தா, அவகிட்ட சொல்லுங்க. அது உங்க வேலை."

ஸம்பேத்தா உயிரோடுதான் இருந்தாள். ரொட்டிக்கடைக்காரன் மனைவி. கல்யாணமான இரண்டு மகன்கள். அந்த இரண்டு பிரசவத்துக்கும் அவள் பொலிக்ஸேனியைக் கூப்பிடவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். பொலிக்ஸேனி கடைக்குப் போய், ரொட்டி வாங்கி, மிச்சச் சில்லறை வாங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "கெடச்சுடுச்சு."

ஸம்பேத்தா என்னவென்று கேட்கவில்லை. மறுநாள் உச்சிவேளையில், ஊர் கதவடைத்த நேரத்தில், கறுப்பு முக்காட்டோடு சுங்கக் கட்டடத்து வாசலில் நின்றாள்.

வடகாற்று வீசிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்கச் சாடிகள் ஊதிக்கொண்டிருந்தன. அவள் காலெடுத்து வைக்கத் தயங்கினாள்.

"யாரு அழுவுறது?"

"யாருமில்ல. காத்து. வாக்கா."

பொலிக்ஸேனியைவிட எட்டு வயது சின்னவள் அவள். 'அக்கா' என்று வாயில் வந்துவிட்டது; யாரும் அதைத் திருத்தவில்லை. கடைசிப் படியில் இருந்த இருநூற்றுப் பதினேழின் முன்னால் இருவரும் நின்றார்கள். அது ஊதவில்லை.

"கூட இன்னொண்ணு இருக்கு. பழசு. எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல" என்றாள் பொலிக்ஸேனி.

"நீ மூடி போட்டியா?"

"இல்ல. கல்லுதான் வெச்சேன். நீ எப்பவாச்சும் மேல போனியா?"

"எங்கன்னு யாரு சொன்னா எனக்கு? இருவத்தேழு வருஷமா அந்தக் குன்னுப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல."

ஸம்பேத்தா பூச்சிலிருந்த விரல் தடத்தைப் பார்த்தாள். பழைய தடத்தை எரிஃபிலி கலைக்காமல் அதையொட்டிப் பூசியிருந்தார். தன் விரலை அதன்மேல் வைக்கப் போனவள், வைக்காமல் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு அது? எனக்குக் காட்டவே இல்லியே நீ. எங்க அத்த என் கண்ணப் பொத்திட்டா."

பொலிக்ஸேனிக்குச் சொல்ல வாய் எழவில்லை. குன்றிலிருந்து இறங்கி வந்த அன்றுபோலவே குரல் போய்விட்டது. பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். எழுதியதைப் படிக்க மட்டும் குரல் வந்தது.

"வாய் சின்னது, வட்டம் சரியா இல்ல, ஒரு பக்கம் லேசா அமுங்கியிருக்கு. உதடு மெல்லிசு, வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கு. கழுத்து குட்டை. தோள் உருண்டை. தோளுக்குக் கீழ மூணு அலைக்கோடு, கை நடுங்காம போட்டது. வயிறு நல்லா நெறைஞ்சிருக்கு. நெறம் கோதும மாவு நெறம், அங்கங்க செவப்பு. அடியில பொறை மாதிரி ஒரு ஒடசல். நீளம் அம்பத்தொண்ணு சென்டிமீட்டர்."

"அம்பத்தொண்ணா?"

"ஆமா."

"பெரிய புள்ளதான்" என்றாள் ஸம்பேத்தா. "எம்பசங்க ரெண்டு பேரும் நாப்பத்தெட்டுதான் இருந்தாங்க."

அவள் சுவரோரம் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்து, "திருப்பிப் படி" என்றாள். பொலிக்ஸேனி திருப்பிப் படித்தாள். மனூசோஸ் சாயங்காலக் காவலுக்கு வந்தபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவன் திரும்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு ஸம்பேத்தா வியாழக்கிழமைதோறும் வந்தாள். புருஷனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று தெரியாது. முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓடு கழுவினாள். பிறகு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பொலிக்ஸேனி கண்பார்வை மங்கிப் பென்சிலை விடும்வரை, இன்னும் ஒன்பது வருஷம், அறுநூற்று நாற்பது சாடிகளுக்கு வாய் முதல் அடி வரை எழுதினாள். கடைசி இரண்டு பதிவேடுகளில் வியாழக்கிழமைப் பக்கங்களில் மட்டும் எண்கள் வேறொரு கையெழுத்தில், கொஞ்சம் பெரிதாக, ரொட்டிக்கடைக் கணக்கு எழுதிப் பழகிய கையால் எழுதப்பட்டிருக்கின்றன.