எங்கள் தெருக் குழிகளைத் தாண்டி வந்த மாதா

குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக ராஜபாளையத்தில் எங்கள் தெருவைத் தோண்டியவர்கள் மூடுவதை மட்டும் மறந்துவிட்டுப் போனார்கள். அதில் விழுந்துதான் அம்மாவின் கால் முறிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், எங்கே விழுந்தார் என்று டாக்டர் கேட்டதற்கு நான் "பள்ளத்துல" என்றேன். கூட வந்த தம்பி "கெடங்குல" என்றான். ஸ்ட்ரெச்சரில் வலியால் துடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"பள்ளம்னா மெதுவா எறங்கிருக்க மாட்டேனா? கெடங்குன்னா அகலமா வெட்டிப் போட்டது, தூரத்துலயே தெரியுமே. நான் விழுந்தது குழி. ஒழுங்காச் சொல்லு, ஏட்டி."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போனது.

காலில் கட்டோடு வீடு திரும்பிய அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். திருவிழாவுக்கு மாதா கோயிலுக்குப் போக முடியாது. சப்பரமாவது வாசலுக்கு வந்துவிட வேண்டும். எங்கள் வீடோ தெருக் கடைசியில்.

எங்கள் கோயில் சப்பரத்தைத் தோளில்தான் தூக்குவார்கள். தொங்கும் பூச்சரங்கள் மறைப்பதால் தூக்குகிறவர்களுக்குத் தரை தெரியாது. முன்னால் ஒருவர் பார்த்துக் குரல் கொடுக்க, அதைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். திருவிழா அன்று சாயங்காலம் குரல் கொடுத்தவர் விழாக் குழுப் பெரியவர். எங்கள் தெருமுனையில் நுழைந்ததுமே அவர் எல்லாவற்றுக்கும் "பள்ளம், பள்ளம்" என்று கத்தினார். முன்னால் இருந்தவர்கள் முழங்காலை மடக்க, பின்னால் இருந்தவர்கள் தாண்ட, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஆடியதைப் பார்த்து அவர் வெலவெலத்துப் போனார்.

"இந்தத் தெரு வேண்டாம்யா. திருப்புங்க."

எனக்கு வந்ததே கோபம்! அங்கே அம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருக்கிறாள்.

"செத்த நேரம் நில்லுங்க. நான் குரல் குடுக்கேன்" என்று முன்னால் போய் நின்றேன்.

"பொம்பளையா?" என்று யாரோ முனகினார்கள். ஸ்பின்னிங் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. சப்பரம் தூக்கியவர்களில் பாதிப் பேர் அதே மில்காரர்கள். "மதினி சொல்லட்டும், எங்களுக்குக் கேக்கும்" என்றார்கள்.

"பள்ளம்னா முழங்காலை மடக்கி எறங்குங்க. குழின்னா எட்டு வச்சுத் தாண்டுங்க. கெடங்குன்னா எடதுபக்கமாச் சுத்துங்க. பொந்துன்னா பெருச்சாளி பறிச்ச மண்ணு, மேல பாத்தா தரை மாதிரி இருக்கும், மிதிச்சுராதீங்க."

பிறகு நடந்தேன். பின்னோக்கித்தான் நடந்தேன், சப்பரத்தைப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் தரையைப் பார்த்தபடி. "பள்ளம்!" என்றால் மாதா அலுங்காமல் இறங்கினாள். "கெடங்கு!" என்றால் ஓரமாக வளைந்து வந்தாள். ஒரு பூ உதிரவில்லை. மாடியில் நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

எங்கள் வாசலுக்கு முன்னால் அம்மா விழுந்த இடம் இன்னும் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "குழீ!"

எல்லாக் கால்களும் ஒன்றாகத் தாண்டின. சப்பரம் வாசலில் நின்றது. அம்மா மாலையைக் கொடுத்துவிட்டு அழுதாள். வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் பெரியவர் என்னிடம் வந்தார். "அடுத்த தெருவும் இதே கதிதான். நீயே முன்னால வாம்மா" என்றார்.

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நம்ம வாசல்ல என்னன்னு கத்துன?"

"குழின்னுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதை அன்னைக்கு டாக்டர்கிட்டச் சொல்ல வாய் வரலையாக்கும்!"